பாவை அழுதால் யார் கேட்பது?

2014 செப்டம்பர் 27, சனிக்கிழமை. ஓசூரிலிருந்து பெங்களூரு போகும் நெடுஞ்சாலையில் ஜூஜுவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி. தமிழ்நாடு முடிந்து கர்நாடகம் தொடங்கும் இடம். மற்ற நாட்களில் கம்பெனி பஸ்களும் பூ, தக்காளி ஏற்றிய வண்டிகளும் தயக்கமில்லாமல் கடக்கிற அந்த எல்லையில் அன்று போலீஸ் காவல் பலமாக இருந்தது. அங்கிருந்து சற்றுத் தூரத்தில், பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில், தனி நீதிபதி ஜான் மைக்கேல் டி குன்ஹா சொத்துக் குவிப்பு வழக்கில் தீர்ப்புச் சொன்னார். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவுக்கு நான்கு ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம்.

சென்னையில் தொடங்கிய வழக்கு அது. ஆளுங்கட்சியின் தலைவரே குற்றம் சாட்டப்பட்டவராக இருக்கும்போது அவருடைய மாநிலத்தில் நியாயமான விசாரணை நடக்குமா என்று தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் கேட்டார். சாட்சிகள் பலர் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். 2003 நவம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு மாற்றியது. கட்டுக் கட்டான காகிதங்கள் ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் நீதி காப்பாற்றப்படும் என்ற நம்பிக்கையில் எடுத்த முடிவு அது.

அந்த நம்பிக்கைக்கும் ஒரு சோதனை வந்தது. 2015 மே 11 அன்று கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதி சி.ஆர். குமாரசாமி ஜெயலலிதா உள்பட குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தார். வருமானத்துக்கு மேல் சேர்ந்த சொத்து 8.12 சதவீதம்தான், 10 சதவீதத்துக்குள் இருந்தால் குற்றமில்லை என்பது அவர் கணக்கு. தீர்ப்பில் வங்கிக் கடன்கள் பத்து வரிசையாகப் பட்டியலிடப்பட்டிருந்தன. அந்தப் பத்து எண்களையும் கூட்டினால் 10.67 கோடி வருகிறது. தீர்ப்பில் இருந்த கூட்டுத்தொகை 24.17 கோடி. பதின்மூன்றரைக் கோடி ரூபாய் அதிகம். பள்ளிக்கூடப் பிள்ளை சிலேட்டில் கூட்டிப் பார்த்தே கண்டுபிடிக்கக் கூடிய பிழை. சிறப்பு அரசு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா அதைச் சுட்டிக்காட்டினார். 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் குன்ஹாவின் தீர்ப்பையே நிலைநிறுத்தியது. ஜெயலலிதா அதற்கு இரண்டு மாதம் முன்பே மறைந்திருந்தார்.

ஒரு நீதிபதியின் கூட்டல் தவறியது. அவருக்கு மேலே இருந்தவர்கள் திருத்தினார்கள். இதற்கு மேல்முறையீடு என்று பெயர். தீர்ப்பில் பிழை இருந்தால் போய்ச் சேர வேண்டிய இடம் மேல் நீதிமன்றம் என்பதில் உலகில் யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பிழை தீர்ப்பில் இல்லாமல் தீர்ப்புச் சொல்பவரின் நடத்தையில் இருந்தால்? அவர் கை நீட்டினார், அதிகாரத்தைக் காட்டி மிரட்டினார், வேண்டியவருக்காக வளைந்தார் என்று ஒருவர் சொன்னால், அதை யாரிடம் சொல்வது? கேட்பவர் யார்? அவரை நம்பலாமா? அவரைக் கண்காணிப்பவர் யார்?

முடிவில்லாமல் மேலே மேலே போகிற இந்தக் கேள்வி சட்டக் கல்லூரியில் பிறந்தது அல்ல. அறத்தைப் பற்றி யோசித்த எல்லாச் சமூகங்களிலும் அது இருந்திருக்கிறது. தமிழில் அதற்கு மூன்று கதைகள் உண்டு.

கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன் நெடுஞ்செழியன் தீர விசாரிக்காமல் தீர்ப்பளித்தவன்; பிழை தெரிந்ததும் அரியணையிலேயே உயிரை விட்டான். பொற்கைப் பாண்டியன் இரவில் நகர்வலம் போனபோது ஒரு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, அந்தப் பழி வீட்டாரைச் சேராதிருக்கத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டவன். திருவாரூர் மனுநீதிச் சோழனின் முன்னால் நின்ற வழக்கு அவன் சொந்த மகன் மீதானது. கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. முதல் கதை தீர்ப்பின் பிழை. இரண்டாவது, தீர்ப்பளிப்பவரின் நடத்தை. மூன்றாவது, தன்னைச் சேர்ந்தவரின் வழக்கைத் தானே விசாரிக்கும் சங்கடம். இன்றைய நீதித் துறை ஒழுங்கு விதிகள் எந்த நாட்டில் எழுதப்பட்டாலும் இந்த மூன்று தலைப்புகளுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மூன்று கதைகளுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. அரசனே தன்னையோ தன்னைச் சேர்ந்தவனையோ தண்டிக்கிறான். மனசாட்சிதான் மேல் நீதிமன்றம். மனுநீதிச் சோழனின் சிலை சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் நிற்கிறது. அதைக் கடந்து உள்ளே போகும் கட்சிக்காரர்கள் அந்த மனசாட்சியை நம்பித்தான் போகிறார்கள். ஆனால் மனசாட்சி இல்லாதவன் அரியணையில் இருந்தால் என்ன செய்வது என்பதற்கு இந்தக் கதைகளில் விடை இல்லை.

விடை தேடியவர் இளங்கோவடிகள்தான். சிலப்பதிகாரத்தின் இந்திர விழவூரெடுத்த காதையில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்கள் வருகின்றன. அவற்றில் ஒன்று பாவை மன்றம். அரசனின் செங்கோல் வளைந்தாலும், அறங்கூறும் அவையில் இருப்பவர்கள் நூலைத் திரித்து ஒருபக்கம் சாய்ந்தாலும், அங்கே நிற்கும் பாவை கண்ணீர் விட்டு அழும். நாவால் ஒன்றும் சொல்லாது. அரசனையும் நீதிபதிகளையும் ஒரே வரிசையில் வைத்து இருவருக்கும் வெளியே ஒரு கண்காணிப்பை நிறுத்திய கற்பனை அது. நீதித் துறையைக் கண்காணிக்கத் தனி அமைப்பு என்ற எண்ணத்துக்குத் தமிழில் இதைவிடத் தெளிவான உருவம் கிடைப்பது அரிது.

அந்தப் பாவைக்கு இரண்டு குணங்கள். அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. அதே சமயம் அது பேசாது. யார் தவறினார், என்ன தவறு, என்ன தண்டனை என்று சொல்லாது. அழுவதோடு சரி. உலக நாடுகள் கடந்த முந்நூறு ஆண்டுகளாகச் செய்துவரும் முயற்சியை இப்படியும் சொல்லலாம்: விலை போகாத அந்தப் பாவையைப் பேச வைக்கும் முயற்சி.

கிருஷ்ணகிரி மண்ணுக்கு இந்த முயற்சியில் ஒரு பழைய பங்கு உண்டு. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து கிருஷ்ணகிரி அடங்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனி அதிகாரி அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக ஏழு ஆண்டு இந்தப் பகுதியில் வரி வேலை பார்த்தவர் தாமஸ் மன்றோ. ஊர் வழக்கை ஊரில் உள்ளவர்தான் தீர்க்க முடியும் என்பது பின்னாளில் அவர் உறுதியாக வாதாடிய கருத்து. சென்னை மாகாண நீதி நிர்வாகத்தைச் சீரமைக்கும் குழுவுக்கு அவர் தலைமை ஏற்ற பிறகு, 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள் கிராமத் தலைவர்களுக்கே சிறு வழக்குகளை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தன. கிராம முன்சீப் என்ற பதவி நிலைபெற்றது அப்படித்தான். ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் அந்தப் பதவியில் இருந்த சக்கரவர்த்தி வெங்கடார்யருக்கு 1878 டிசம்பர் 10 அன்று ஒரு மகன் பிறந்தார். சேலத்தில் வக்கீலாகித் தலைமை ஆளுநர் பதவி வரை போன ராஜாஜி அவர்.

ஊருக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்குத் தீர்ப்பளிக்கும் அதிகாரம் கொடுத்தால் அவருக்கு உறவும் பகையும் அந்த ஊரிலேயே இருக்கும். இது தெரிந்துதான் 1888ஆம் ஆண்டு சென்னை கிராம நீதிமன்றச் சட்டம் ஒரு வழி வைத்தது. கிராம முன்சீப் லஞ்சம் வாங்கினாலோ, அப்பட்டமாக ஒருதலைப்பட்சமாக நடந்தாலோ, மாவட்ட முன்சீப்பிடம் மனுப் போட்டுத் தீர்ப்பை ரத்து செய்ய வைக்கலாம். எழுத்தறிவு குறைந்த காலம், பயணம் கடினம். இருந்தாலும் தொரப்பள்ளிக்காரர் ஒருவருக்குப் புகாரை எங்கே கொண்டுபோக வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது.

கீழ் நீதிமன்றங்களைப் பொறுத்தவரை அந்த வழி இன்றும் மூடவில்லை. கிருஷ்ணகிரி, ஓசூர், தேன்கனிக்கோட்டை நீதிமன்றங்களில் இருக்கும் நீதிபதிகள் அரசியல் சாசனத்தின் 235ஆவது பிரிவின்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு நீதிபதி உண்டு. புகார் வந்தால் விஜிலென்ஸ் பதிவாளர் விசாரிப்பார். சம்பள உயர்வை நிறுத்துவது முதல் வேலையிலிருந்து அனுப்புவது வரை எல்லாம் நடக்கும். சொல்லப்போனால் இங்கே பயம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஜாமீன் கொடுத்தால் சந்தேகப்படுவார்களோ என்று ஒரு மாஜிஸ்திரேட் தயங்கினால் அதன் சுமை சிறையில் இருப்பவர் தலையில் விழும். தவறான உத்தரவு போட்டார் என்பதற்காக மட்டும் ஒரு நீதிபதி மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று 2019இல் பீகாரைச் சேர்ந்த கிருஷ்ண பிரசாத் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

மேலே போகப் போகக் காட்சி மாறுகிறது. உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நீக்க ஒரே வழி நாடாளுமன்றம். மக்களவையில் 100 பேர் அல்லது மாநிலங்களவையில் 50 பேர் கையெழுத்துப் போட வேண்டும். 1968ஆம் ஆண்டு நீதிபதிகள் விசாரணைச் சட்டப்படி மூவர் குழு விசாரிக்க வேண்டும். குற்றம் உறுதியானால் இரு அவைகளிலும் மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மையும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். 1950 முதல் 2025 முடியும் வரை இந்த வழியில் ஒரு நீதிபதிகூட நீக்கப்படவில்லை.

இந்த வழி எங்கெங்கே அடைபட்டது என்று பார்த்தால் தமிழ்நாட்டின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமி மீது 1976இல் சி.பி.ஐ. சொத்துக் குவிப்பு வழக்குப் பதிந்தது. நீதிபதி ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் பொது ஊழியரா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் போனது. பதில் வர 15 ஆண்டு ஆயிற்று. 1991 ஜூலை 25 அன்று, வருவார் என்று நீதிமன்றம் சொன்னது. கூடவே, இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் எந்த நீதிபதி மீதும் வழக்குப் பதியக் கூடாது என்றது. கதவைத் திறந்து, சாவியை வீட்டுக்காரரிடமே கொடுத்த தீர்ப்பு அது.

சென்னையில் நீதிபதியாகத் தொடங்கி உச்ச நீதிமன்றம் போன வி. ராமசாமி மீது, பஞ்சாப், ஹரியாணா தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசு வீட்டுக்குச் செய்த செலவுகள் தொடர்பாகப் புகார் எழுந்தது. நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 உறுதியானதாகச் சொன்னது. 1993 மே மாதம் மக்களவையில் கபில் சிபல் அவருக்காக வாதாடினார். தீர்மானத்துக்கு ஆதரவாக 196 வாக்குகள். எதிராக ஒன்றுகூட இல்லை. ஆளுங்கட்சியான காங்கிரசும் அதன் தோழமைக் கட்சிகளுமாக 205 பேர் வாக்களிக்காமல் இருந்துவிட்டார்கள். தீர்மானம் தோற்றது. நீதிபதியின் நடத்தையைத் தீர்மானிக்க உட்கார்ந்த அவை கட்சிக் கணக்கைத் தீர்த்துக்கொண்டு எழுந்தது.

அடுத்தது இரு மாநில எல்லையையும் தொடும் கதை. சென்னையிலிருந்து போய் 2008இல் கர்நாடகத் தலைமை நீதிபதியானவர் பி.டி. தினகரன். 2009இல் அவரை உச்ச நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தது, நீதிபதிகளைத் தேர்வு செய்யும் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம். திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அரசு நிலத்தை ஆக்கிரமித்தார் என்று சென்னை வக்கீல்கள் குழு புகார் சொன்னது, அவர் மறுத்தார். பெங்களூரு வக்கீல்கள் போராடினார்கள். மாநிலங்களவை உறுப்பினர்கள் 75 பேர் கையெழுத்திட்ட தீர்மானம் ஏற்கப்பட்டது. விசாரணை நடக்கும்போதே அவர் சிக்கிம் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டார். பெங்களூருவில் உட்காரத் தகுதி சந்தேகமான ஒருவர் காங்டாக்கில் மட்டும் எப்படித் தீர்ப்புச் சொல்லலாம் என்று சிக்கிம் மக்கள் கேட்டால் பதில் என்ன? 2011 ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். விசாரணை பாதியில் நின்றது. புகார் சொன்னவர்களுக்கும் விடை கிடைக்கவில்லை. அவர் குற்றமற்றவர் என்றால் அவருக்கும் கிடைக்கவில்லை.

நான்காவது, சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து கொல்கத்தாவுக்கு மாற்றப்பட்ட சி.எஸ். கர்ணன். சக நீதிபதிகள் மீது ஊழல் புகார் எழுதினார்; தான் தலித் என்பதால் ஒடுக்கப்படுவதாகச் சொன்னார்; தனக்கு மேலே இருந்த நீதிபதிகளுக்கே தண்டனை விதித்து உத்தரவு போடும் அளவுக்குப் போனார். 2017 மே 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு ஆறு மாதச் சிறை விதித்தார்கள். அவர் பேச்சை ஊடகங்கள் வெளியிடவும் தடை போட்டார்கள். கொல்கத்தாவில் ஓய்வு பெற்ற சில நாளில் கோயம்புத்தூரில் கைதானார். அவருடைய நடத்தையை நியாயப்படுத்துவது கடினம். ஆனால் அவர் யார் மீது குற்றம் சாட்டினாரோ அந்த அமைப்பின் உச்சியில் இருந்தவர்களே வழக்குப் போட்டு, விசாரித்து, தண்டித்தார்கள். இடையில் வேறொருவர் இருக்க அரசியல் சாசனம் இடம் வைக்கவில்லை.

இந்த நான்கையும் அடுக்கிப் பார்த்தால் இந்தியாவின் குறை தெரியும். ஒரு பக்கம் நாடாளுமன்றம் என்ற பெரிய சம்மட்டி. தூக்கவே முடியாத எடை. மறுபக்கம் 1999இல் உச்ச நீதிமன்றம் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட உள் விசாரணை நடைமுறை. நீதிபதிகளை நீதிபதிகள் மூடிய அறையில் விசாரிப்பது. 2002இல் கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதிகள் சிலர் மீது மைசூரு விடுதி ஒன்று தொடர்பாகச் செய்திகள் வந்தபோது மூவர் குழு விசாரித்தது. அந்த அறிக்கையை வெளியிட வேண்டும் என்று மூத்த வழக்கறிஞர் இந்திரா ஜெய்சிங் கேட்டார். அது ரகசியம் என்று 2003இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. அந்த நீதிபதிகள் மீது உண்மையிலேயே தவறில்லை என்றால், அதை நாட்டுக்குக் காட்டும் வாய்ப்பும் அந்த உறைக்குள்ளேயே மூடப்பட்டது.

மற்ற நாடுகள் என்ன செய்தன?

இங்கிலாந்தில் 1701ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதியை மன்னரின் கோபத்திலிருந்து காப்பாற்றியது; நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றம் கேட்க வேண்டும். அந்த வழியில் நீக்கப்பட்டவர் ஒருவரே. கட்சிக்காரர்களின் பணத்தைக் கையாடியதாக 1830இல் பதவி இழந்த அயர்லாந்து நீதிபதி ஜோனா பாரிங்டன். அந்தப் பெரிய சம்மட்டியை அப்படியே வைத்துவிட்டு, 2013 முதல் நீதித் துறை நடத்தை விசாரணை அலுவலகம் என்ற சிறு சுத்தியல் ஒன்றையும் அவர்கள் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் புகார் தரலாம். தீர்ப்பைப் பற்றிய புகாரை அது தொடாது. நடத்தையில் தவறு என்றால் அறிவுரை, எச்சரிக்கை, கண்டனம், நீக்கம் என்று படிப்படியான தண்டனை. முடிவுகளை அது பெயரோடு வெளியிடுகிறது.

அமெரிக்கக் கூட்டாட்சி நீதிபதிகளில் நாடாளுமன்றக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர்கள் 15 பேர். நீக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். அரசியல் காரணத்துக்காகக் குற்றம் சாட்டப்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் சேஸ் 1805இல் விடுதலையானார்; தீர்ப்புக்காக நீதிபதியை நீக்குவதில்லை என்ற மரபு அங்கே அதிலிருந்து வேரூன்றியது. மாநிலங்களோ வேறு வழியில் போயின. கலிபோர்னியா 1960இல் தொடங்கிய ஆணையத்தைப் பின்பற்றி இன்று ஐம்பது மாநிலங்களிலும் அப்படியொரு அமைப்பு இருக்கிறது. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் 2023 நவம்பர் வரை எழுத்தில் நடத்தை விதியே இல்லை; விதி வந்த பிறகும் அதை நடைமுறைப்படுத்த ஆள் இல்லை.

ஐரோப்பாவில் பல நாடுகள் நீதித் துறை மன்றம் என்ற தனி அமைப்பை நம்புகின்றன. இத்தாலியில் அதன் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் நீதித் துறையினர் தேர்ந்தெடுத்தவர்கள். ஒரு பங்கை நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும். பிரான்சில் 2008 திருத்தத்துக்குப் பிறகு குடியரசுத் தலைவர் அந்த மன்றத்தின் தலைமையிலிருந்து விலகினார். வழக்காடும் பொதுமக்களே நேராகப் புகார் தரும் உரிமையும் வந்தது. இதே அமைப்பு ஆயுதமாகவும் மாறும் என்பதற்குப் போலந்து சாட்சி. 2017இல் அங்கே மன்றத்தின் நீதிபதி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நாடாளுமன்றம் எடுத்துக்கொண்டது. புதிதாக வந்த ஒழுங்கு நடவடிக்கைப் பிரிவை நிறுத்தச் சொல்லி ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விதிக்கும் வரை நிலைமை போனது.

போலந்தின் பாடத்தைத் தமிழர்கள் வாழும் இரண்டு நாடுகள் முன்பே படித்தன. மலேசியாவில் 1988இல் தலைமை நீதிபதி துன் சாலே அபாஸ் நீக்கப்பட்டார். அவரை விசாரித்த குழுவின் தலைவரே அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்தார். இலங்கையில் திவிநெகும என்ற மசோதா பற்றி அரசுக்குப் பிடிக்காத தீர்ப்பு வந்த பின் தலைமை நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க மீது குற்றப் பிரேரணை வந்தது. நாடாளுமன்றத் தெரிவுக்குழு அவரைக் குற்றவாளி என்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தும் 2013 ஜனவரியில் அவர் நீக்கப்பட்டார். ஆட்சி மாறியதும் 2015 ஜனவரி 28 அன்று மீண்டும் ஆசனத்தில் அமர்ந்தார்; மறுநாளே ஓய்வு பெற்றார். அடுத்துத் தலைமை நீதியரசரானவர் கே. ஸ்ரீபவன் என்ற தமிழர்.

ஆக இரண்டு பக்கமும் பள்ளம். நீதிபதிகள் தங்களைத் தாங்களே விசாரித்தால் மூடிய அறை. அரசு விசாரித்தால் மிரட்டல். நடுவில் ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கிறது. அதில் நடந்து காட்டிய நாடுகளும் உண்டு.

2011 டிசம்பர் 31. கென்யாவின் தலைநகர் நைரோபியில் வில்லேஜ் மார்க்கெட் என்ற வணிக வளாகம். வாசலில் சோதனை போடும் பெண் செக்யூரிட்டி ஒருவர். உள்ளே வந்தவர் நாட்டின் துணைத் தலைமை நீதிபதி நான்சி பராசா. சோதனைக்கு நிற்காமல் அவர் போக, காவலாளி பின்னாலேயே போய்ச் சோதனைக்கு அழைத்தார். நீதிபதி அவருடைய மூக்கைக் கிள்ளினார், துப்பாக்கியைக் காட்டி மிரட்டினார் என்பது புகார். 2010இல் வந்த புதிய அரசியல் சாசனத்தின் கீழ் அமைந்த நீதிப்பணி ஆணையம் சில நாட்களிலேயே புகாரை எடுத்துக்கொண்டது. ஆணையத்தின் பரிந்துரையில் தீர்ப்பாயம் அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் தான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி அகஸ்டினோ ரமதானி. வெளிநாட்டவர், உள்ளூர்ப் பகையும் நட்பும் இல்லாதவர். காவலாளி சாட்சிக் கூண்டில் நின்று நடந்ததைச் சொன்னார். பராசா பதவிக்குத் தகுதியற்றவர் என்று 2012 ஆகஸ்டில் தீர்ப்பாயம் சொன்னது. அக்டோபரில் அவர் விலகினார். வாசலில் நடந்ததற்கும் பதவி போனதற்கும் இடையே பத்து மாதம்.

ஓசூர் சிப்காட்டில் ஷிப்டு மாறும் நேரத்தில் கம்பெனி வாசல்களைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பெண்ணைத் தெரியும். அடையாள அட்டையைப் பார்த்து, பையைத் திறக்கச் சொல்லி, நோட்டில் கையெழுத்து வாங்கி, எல்லோரிடமும் கொஞ்சம் வசவு வாங்கும் வேலை. பெரிய வண்டி வந்தால் சல்யூட் அடித்துக் கதவைத் திறக்க வேண்டும். சோதனை போட்டால் தப்பு, போடாவிட்டாலும் தப்பு. அந்த இடத்தில் நிற்கும் ஒருவர் சொன்னதை ஒரு நாட்டின் நீதித் துறை உட்கார்ந்து கேட்டது என்பதுதான் கென்யாவின் கதையில் பெரிய விஷயம். பேசும் பாவை என்றால் இதுதான்.

எல்லா நாட்டிலும் இந்த வேகம் வாய்க்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் அரசியல் சட்ட நீதிமன்ற நீதிபதிகளை வளைக்கப் பார்த்ததாக 2008இல் எழுந்த புகாரில் நீதிபதி ஜான் ஹ்லோபே 2024இல்தான் நீக்கப்பட்டார். பதினாறு ஆண்டு. இருந்தாலும் நீதிபதிகள், வக்கீல்கள், சட்டப் பேராசிரியர் எல்லோரும் சேர்ந்து உட்காரும் ஓர் ஆணையத்தின் வழியாக அங்கே வழக்கு கடைசியில் முடிவுக்கு வந்தது.

இந்தியா அந்தப் பாதைக்குள் கால் வைத்து எடுத்த அனுபவமும் உண்டு. நீதித் துறைத் தரநிலை, பொறுப்புடைமை மசோதா 2012இல் மக்களவையில் நிறைவேறியும் 2014இல் அவை கலைந்ததோடு காலாவதியானது. தேசிய நீதிபதிகள் நியமன ஆணையத்தை 2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நியமனத்தில் அரசின் கை நுழைந்தால் சுதந்திரம் போய்விடும் என்ற அதன் கவலையைப் போலந்தைப் பார்த்தவர்கள் எளிதில் தள்ளிவிட மாட்டார்கள். 2025 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் மீதான புகார்களையும் விசாரிக்கலாம் என்று ஊழல் தடுப்பு அமைப்பான லோக்பால் சொன்னது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

அதே ஆண்டு மார்ச் 14 இரவு டெல்லியில் உயர் நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு வீட்டில் தீப்பிடித்தது. எரிந்த நோட்டுக் கட்டுகள் கிடந்ததாகச் செய்தி வந்தது. தனக்கும் அந்தப் பணத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவர் மறுத்தார். அப்போது உச்ச நீதிமன்றம் இதுவரை செய்யாத ஒன்றைச் செய்தது. முதல்கட்ட அறிக்கையையும் படங்களையும் தன் இணையதளத்திலேயே வெளியிட்டது. 2003இல் ரகசியம் என்று சொன்ன அதே நிறுவனம், 22 ஆண்டு கழித்து மக்களின் நம்பிக்கைக்கு இது தேவை என்று உணர்ந்தது. ஆகஸ்ட் 12 அன்று மக்களவைத் தலைவர் அமைத்த மூவர் குழுவில் உச்ச நீதிமன்ற நீதிபதி அரவிந்த் குமாரோடு சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.எம். ஸ்ரீவஸ்தவாவும் கர்நாடகத்தின் மூத்த வழக்கறிஞர் ஒருவரும் இடம் பெற்றார்கள். அந்த வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா, அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு தீர்ப்பின் கூட்டல் பிழையைக் கண்டுபிடித்தவர்.

நீதிபதியின் சுதந்திரம் என்று பேசும்போது அதை நீதிபதியின் சொத்தாகப் பேசும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அது அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருள். அதன் உரிமையாளர் எதிரே கைகட்டி நிற்பவர். மந்திரியின் போன் வந்தாலும் நீதிபதி அசையக் கூடாது என்று எதிர்பார்க்கும் அதே கட்சிக்காரர்தான், நீதிபதி விலை போனால் கேட்க ஆள் வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறார். இரண்டும் ஒரே எதிர்பார்ப்பு. உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களையும் அவர்களின் உறவினர்களையும் குடவோலையில் பெயர் எழுத விடாமல் தடுத்தது. வாரியத்தை அவமதிக்க எழுதிய விதியென்று அதை யாரும் படிப்பதில்லை.

கேட்க வேண்டியவை அதிகமில்லை. தீர்ப்பைத் தொடாமல் நடத்தையை மட்டும் பார்க்கும் நிரந்தர ஆணையம். அதில் நீதிபதிகள் பெரும்பான்மை, வெளியாருக்கும் இடம், ஆளுங்கட்சிக்குத் தனியாக முடிவெடுக்கும் பலம் கூடாது. கண்டனத்துக்கும் நீக்கத்துக்கும் இடையே படிப்படியான தண்டனைகள். ராஜினாமா செய்தாலும் விசாரணை முடிய வேண்டும். முடிவும் காரணமும் வெளியே வர வேண்டும். இடமாற்றம் தண்டனையாக இருக்கக் கூடாது. 75 நீதிபதிகளுக்கு இடமுள்ள சென்னையிலிருந்து தலைமை நீதிபதி விஜயா தஹில்ரமணி 2019இல் சின்னஞ்சிறு மேகாலய உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டு ராஜினாமா செய்தார். அவர் தவறினாரா, தண்டிக்கப்பட்டாரா என்று கேட்டால் இன்றும் ஊருக்குத் தெரியாது. பாவை அழுதது, எதற்கு என்று சொல்லவில்லை.

தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்த வீடு இப்போது நினைவு இல்லம். அங்கிருந்து பெங்களூருவில் உள்ள கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு மணி நேரப் பயணத்துக்குச் சற்றுக் கூடுதல். தன் சொந்த உயர் நீதிமன்றத்துக்குப் போக அந்த ஊர்க்காரர் முந்நூறு கிலோமீட்டர் பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்திருக்க வேண்டும். 1888இல் அவருடைய முப்பாட்டனுக்கு ஊர் முன்சீப் மீது மனுப் போட ஓர் இடம் இருந்தது. இன்று அவர் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரின் நடத்தையைப் பற்றி எழுத வேண்டுமானால், தலைமை நீதிபதியின் பெயருக்கு ஒரு தபால் அனுப்பலாம். அதன் மேல் என்ன நடந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உள் விசாரணை நடைமுறையில் இல்லை. தபால் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி மட்டும் அவருக்குத் திரும்பி வரும்.